வறண்ட பருவத்தில் படகு நிகழ்ச்சிகளும் பராமரிப்பும்: பினாங்கு உறுப்பினர்களின் கருத்துக்கு

செயலர், பராமரிப்புக் குழு:

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் கனமழை ஓய்ந்ததும் நம் பினாங்குப் படகுச் சங்கத்தில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கான பாய்மரப் பயிற்சியும், ஜெரெஜாக் தீவைச் சுற்றிவரும் குடும்பப் பயணமும், தெலுக் பஹாங் வரையிலான நீண்ட ஓட்டமும் ஒருபுறம் இருக்க, கடலில் கட்டிக் கிடக்கும் படகுகளைக் கரையேற்றி, அடிப்பகுதியைச் சுரண்டி, பழுது பார்த்து, வண்ணம் பூசும் வேலை மறுபுறம் காத்திருக்கிறது.

பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியுமே ஆண்டிலேயே மழை குறைந்த மாதங்கள். அடிப்பகுதிக்குப் பூசும் எபாக்சி ஈரப் பரப்பில் பிடிக்காது. பூசப்படும் பரப்பின் வெப்பநிலை காற்றின் பனிநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது வண்ண வேலை தெரிந்த அனைவரும் பின்பற்றும் விதி. மழைக்காலத்து மாலை வேளையில் நம் கரையோரத்தில் அந்த நிலை கிடைப்பது அரிது. அவசரத்தில் பூசப்படும் பூச்சு சில மாதங்களிலேயே ஏடுஏடாக உரிந்துவிடும். ஆகவே ஜனவரி மாதத்தைக் கரையேற்றத்துக்கே முழுமையாக ஒதுக்கிவிட்டு, நிகழ்ச்சிகளைப் பிப்ரவரிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. உறுப்பினர்களின் கருத்தை இந்தக் கலந்துரையாடல் பக்கத்தில் அறிய விரும்புகிறேன்.

பாய்மரப் பயிற்றுநர்:

செயலர் ஐயாவின் கவலை நியாயமானது. ஆயினும் ஜனவரியை முழுவதுமாக விட்டுக்கொடுப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றுதான் நம் பிள்ளைகள் பாய்மரம் கற்பதற்கு உரிய காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன்போ காலை நேரத்திலோ, சுமத்ராப் பக்கத்திலிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் புயல்வரிசை, சில நிமிடங்களுக்குள் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கொண்டுவந்துவிடும். காலைப் பயிற்சிக்கு எட்டு வயதுப் பிள்ளையைக் கடலில் இறக்கிவிட்டு மேற்கு வானத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய மாதங்கள் அவை. அந்தக் கவலை குறைந்த மாதங்களில் படகுகள் கரையில் கிடந்தால், பிள்ளைகள் எப்போதுதான் கற்றுக்கொள்வார்கள்?

சிறுவர் படகுகளுக்குக் கரையேற்றமே தேவையில்லை; அவை எப்போதும் கரையில்தான் இருக்கின்றன. நமக்கு வேண்டியது மீட்புப் படகுகள் மட்டுமே. இரண்டு மீட்புப் படகுகளையும் ஒரே நேரத்தில் கரையேற்றினால் பயிற்சி முழுவதும் நின்றுவிடும்.

ஜெட்டிவாசி:

படகுகளைக் கடலிலிருந்து கரைக்கு இழுக்கும் நம் சறுக்குத்தளத்தில் நான் பல ஆண்டுகளாக வேலை செய்து வருபவன். இந்தக் கேள்விக்கு விடை நாட்காட்டியில் இருக்கிறது. ஆங்கில மாதத்தை விட்டுவிட்டு, அமாவாசையையும் பௌர்ணமியையும் பாருங்கள்.

நம் சறுக்குத்தளத்தின் அடிமுனையில் சேறு படிந்திருப்பதால், ஆழம் மிகுந்த படகுகளைக் கடல்மட்டம் மிக உயரும் பெரிய ஏற்றத்தின்போது மட்டுமே மேலே இழுக்க முடியும். பெரிய ஏற்றம் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் கழித்து வருகிறது. அட்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் சுருங்கிவிடுவதால், அன்று தள்ளுவண்டி படகின் அடிக்கே போய்ச் சேராது. அப்படியானால், ஓர் அமாவாசையை ஒட்டிக் கரையேற்றிய படகை அடுத்த பௌர்ணமியை ஒட்டி இறக்குவதே இயற்கையாக அமையும் முறை. இடையில் கிடைப்பது ஏறக்குறைய 15 நாட்கள். சுரண்டிக் கழுவவும், உலரவிடவும், இரண்டு பூச்சு பூசவும் ஒரு படகுக்கு அது போதும்.

ஆகவே படகுகளை இரண்டு அணிகளாகப் பிரிக்கலாம். தைப்பூசத்துக்கு முந்திய அமாவாசையில் முதல் அணி மேலே ஏறும். தைப்பூசப் பௌர்ணமியை ஒட்டி அது கடலில் இறங்கி, இரண்டாம் அணி ஏறும். அடுத்த அமாவாசையில் அதுவும் இறங்கிவிடும். ஒவ்வோர் அணியிலும் ஒரு மீட்புப் படகு இருக்கட்டும். பயிற்றுநருக்கு எந்த நாளிலும் ஒரு படகு கடலில் இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. தைப்பூசத்தன்று யாரும் சறுக்குத்தளத்துக்கு வர மாட்டார்கள்; முதல் நாள் இரத ஊர்வலம் தொடங்கி நம்மில் பெரும்பாலோர் தண்ணீர்மலை முருகன் கோயிலில்தான் இருப்போம், வெளிமாநில உறவினர்களும் வீடு நிறைய இருப்பார்கள். ஆனால் பெரிய ஏற்றம் பௌர்ணமிக்குச் சற்றுப் பின்னரே வருவதால், பூசம் முடிந்து இரண்டாம் நாள் வேலையை வைத்தால் கோயிலும் கெடாது, நீர்மட்டமும் கைகொடுக்கும். அடுத்து, சீனப் புத்தாண்டு இந்த இரண்டு அமாவாசைகளில் ஒன்றில்தான் வந்து விழும். அந்த வாரத்தில் பற்றவைப்புப் பட்டறையும் வண்ணக் கடையும் மூடியிருக்கும். ஆகவே வண்ணம், கரைப்பான், துத்தநாகக் கட்டைகள் ஆகிய அனைத்தையும் டிசம்பரிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும்.

செயலர், பராமரிப்புக் குழு:

ஜெட்டிவாசி ஐயா, இது எனக்குத் தோன்றாத வழி. ஏற்றவற்ற அட்டவணையை வைத்துச் சரிபார்த்துவிட்டேன். இரண்டு அணி முறை பொருந்தி வருகிறது. என் முதல் முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

புதிய உறுப்பினர்:

நான் அண்மையில்தான் சேர்ந்தேன். கேட்பதில் தவறிருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். நாம் அனைவரும் மாதச் சந்தா கட்டுகிறோம். இந்த வேலைகளை ஓர் ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, உறுப்பினர்கள் வார இறுதியில் படகோட்ட மட்டும் வரலாமே? கோத்தோங் ரோயோங் (கூட்டு உழைப்பு) என்ற பெயரில் மருத்துவரையும் கணக்காளரையும் சேற்றில் நிற்கவைப்பது ஏன்?

எஞ்சின் அறை:

தம்பி, கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

ஒப்பந்தக்காரர் சொன்ன வேலையைச் செய்வார். சுரண்டு என்றால் சுரண்டுவார், பூசு என்றால் பூசுவார். ஆனால் அந்தப் படகில் தன் பிள்ளையை ஏற்றப்போகிறவரின் கண் அவருக்கு இருக்காது. இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையல்ல. அடிப்பகுதியில் கடல்நீர் உள்ளே வரும் வால்வு ஒன்று இருக்கிறது. அது பித்தளையாக இருந்தால், உப்புநீரில் அதிலுள்ள துத்தநாகம் மெல்ல மெல்லக் கரைந்துபோகும். வெளியிலிருந்து பார்த்தால் முழுதாகத்தான் தெரியும். கத்தி முனையால் இலேசாகச் சுரண்டினால் மஞ்சள் நிறத்துக்குப் பதிலாக இளஞ்சிவப்பு தெரியும். அப்படித் தெரிந்தால் மீதமிருப்பது துளைகள் நிறைந்த செம்பு மட்டுமே; ஒரு தட்டுத் தட்டினால் உடைந்து படகுக்குள் கடல் புகும். இதைப் பார்க்கத் தெரிந்தவர் நம்மிடையே எத்தனை பேர் இருக்கிறார்களோ, அந்த அளவுக்கே நாம் கடலில் பத்திரமாக இருக்கிறோம்.

துத்தநாகக் கட்டையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். சுழல்விசிறியும் தண்டும் அரிக்கப்படாமல் இருப்பதற்காக அது தன்னைக் கரைத்துக்கொள்கிறது. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். ஓராண்டு ஆகியும் சற்றும் கரையாமல் புதிதாகவே இருந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். அதற்கும் உலோகத்துக்கும் இடையே மின்தொடர்பு அறுந்திருக்கிறது, அல்லது யாரோ அதன்மேல் வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்று பொருள்.

வெளிப்புற இயந்திரத்தின் பல்சக்கர எண்ணெயை வடித்துப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது. அடைப்பு வளையத்தை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஓடும் இயந்திரத்தின் பின்புறம் சீறி வரும் குளிர்விப்பு நீர் மெலிந்திருந்தால், உள்ளே இருக்கும் ரப்பர் விசிறியின் இதழ்கள் தேய்ந்திருக்கலாம். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நன்னீரில் கழுவுகிறவருக்கு இவையெல்லாம் தாமாகவே கண்ணில் படும்.

பணம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலைகளும் உண்டு. பற்றவைப்பும் மின்கம்பி வேலையும் தெரிந்தவரிடமே போகட்டும். ஆனால் சுரண்டுவதும், திறந்து பார்ப்பதும், எழுதி வைப்பதும் உறுப்பினரின் வேலை. அதைக் கைவிட்ட சங்கம் படகுகளை நிறுத்திவைக்கும் இடமாக மட்டுமே எஞ்சும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

புதிய உறுப்பினர்:

நன்றி அண்ணா. என் படகின் வால்வைப் பார்க்க வேண்டும் என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. முதல் அணியில் என் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தஞ்சோங் பூங்கா அம்மா:

என் இரு பிள்ளைகளும் டிசம்பர் பயிற்சியில் சேரவிருக்கிறார்கள். படகுகளின் அடிப்பகுதியைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். பிள்ளைகள் அணியும் உயிர்காப்பு அங்கிகளை யார் பார்ப்பது? கிடங்கில் தொங்கும் சிலவற்றின் நிறம் வெளுத்து, தோள்பட்டைத் தையல் இழைஇழையாகத் தெரிவதைப் போன வாரம் கண்டேன். கடல்சொறி கொட்டினால் என்ன செய்வது என்பதையும் தெரிந்தவர்கள் இங்கே எழுதினால் பெற்றோர் அனைவருக்கும் உதவும்.

பாய்மரப் பயிற்றுநர்:

அம்மா, இந்த வேலைக்கு வறண்ட வானிலை தேவையில்லை. கிடங்குக்குள் அமர்ந்து செய்யக்கூடியது. ஆகவே நவம்பரிலேயே, பயிற்சி தொடங்குமுன் முடித்துவிட வேண்டும் என்று குழுவை வேண்டுகிறேன். வெளுத்த துணி என்பது வெயிலின் புறஊதாக் கதிர் இழையைத் தின்றுவிட்டதன் அடையாளம். இரண்டு பெரியவர்கள் அங்கியின் தோள்பட்டையை இருபுறமும் பிடித்துப் பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். கிழிந்தால் அது அன்றே வெட்டிக் களையப்பட வேண்டும், மறுபடியும் கொக்கியில் தொங்கக்கூடாது. காற்றூதும் வகையாக இருந்தால் வாயால் ஊதி ஓரிரவு விட்டுவைத்துக் காலையில் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாயு உருளையைக் கழற்றி எடைபோட்டு, அதன்மேல் பொறிக்கப்பட்ட எடையோடு ஒப்பிட வேண்டும்.

நாம் பயன்படுத்தும் ஆப்டிமிஸ்ட் படகு 1947-இல் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்களுக்காகவே வடிவமைத்தது. படகின் உடற்பகுதி மட்டும் 35 கிலோ எடை. கவிழ்ந்தாலும் அது மூழ்காமல் இருப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் மூன்று காற்றுப் பைகள்தான். அவற்றையும் இதே முறையில் ஓரிரவு ஊதி வைத்துச் சோதிக்க வேண்டும். பைகளைப் பிடித்திருக்கும் பட்டைகள் தளர்ந்திருந்தால், கவிழும் நேரத்தில் பை நழுவி வெளியேறிவிடும். படகு கவிழும்போது பாய்மரம் கழன்று விழாமல் பிடித்திருக்கும் கவ்வி, நீர் இறைக்கும் வாளி, மிதக்கும் வகையிலான குறைந்தது 8 மீட்டர் இழுவைக்கயிறு ஆகிய மூன்றும் இல்லாத படகை நான் நீரில் இறக்க மாட்டேன். முதல் பாடமே படகைக் கவிழ்த்து மறுபடி நிமிர்த்துவதுதான். அதைச் செய்து பழகாத பிள்ளைக்குச் சுக்கானைக் கொடுப்பதில்லை. மீட்புப் படகு ஓட்டுபவர், தாம் தவறி விழுந்தால் இயந்திரத்தை நிறுத்திவிடும் நிறுத்தக் கயிற்றைத் தன் உடலில் மாட்டிக்கொள்ளாமல் இயந்திரத்தை முடுக்கவும் கூடாது.

கடல்சொறியைப் பொறுத்தவரை, பினாங்குக் கரையோரத்தில் பெட்டி வடிவக் கடல்சொறிகளும் உண்டு என்பதால் அதை இலேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது. மீட்புப் படகிலும் ஜெட்டியிலும் வினிகர் போத்தல் இருக்கும். கொட்டிய இடத்தில் 30 விநாடிகளாவது வினிகரை ஊற்ற வேண்டும். தேய்க்கக்கூடாது, மணல் பூசக்கூடாது, நன்னீரால் கழுவக்கூடாது. மூச்சு விடச் சிரமப்பட்டாலோ மயங்கினாலோ உடனே 999-ஐ அழைக்க வேண்டும். கை, கால் மூடிய நீச்சல் உடையை அணிவித்தே பிள்ளைகளை அனுப்புங்கள். வெயிலுக்கும் அது நல்லது.

கிடங்குப் பொறுப்பாளர்:

கரையில் கிடக்கும் படகுகளைப் பற்றியும் ஒரு சொல். மூடுதுணி தொய்ந்து நீர் தேங்கினால் ஒரு வாரம், பத்து நாளில் அங்கே ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வந்துவிடும். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் இடத்தின் பொறுப்பாளருக்கு அபராதம் விதிக்கப்படும் என்பது ஒருபுறம். டிங்கிக் காய்ச்சலில் பிள்ளைகள் படுத்தால் அதை எந்த அபராதமும் ஈடுசெய்யாது. சிறு படகுகளைக் கவிழ்த்தே வையுங்கள். பெரிய படகுகளின் வடிகால் அடைப்பைத் திறந்து, அணியத்தை (முன்பக்கத்தை) சற்று உயர்த்தி வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை தத்தம் படகின் மூடுதுணியை உதறிச் செல்ல வேண்டும்.

பழைய எஞ்சின் எண்ணெய் அட்டவணைக் கழிவாகும், அதாவது சட்டப்படி தனியாகக் கையாள வேண்டிய ஆபத்தான கழிவு. கால்வாயிலோ கடலிலோ ஒரு சொட்டும் போகக்கூடாது. மூடியுள்ள கலனில் சேர்த்து உரிமம் பெற்றவரிடம் ஒப்படைப்போம். அடிப்பகுதியைச் சுரண்டும்போது உதிரும் பழைய வண்ணத்திலும் செம்பு நச்சு இருக்கிறது. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் நம் மூச்சுக்குள்ளேயே போகும். நீர் தெளித்துத் தேய்க்க வேண்டும், முகக்கவசம் அணிய வேண்டும், கீழே தார்ப்பாய் விரித்துச் சேகரிக்க வேண்டும்.

ஜெட்டிவாசி:

கிடங்குப் பொறுப்பாளர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சிலர் வீட்டில் மிச்சமிருக்கும் மிகப் பழைய டின்களைக் கொண்டுவந்து பூசக் கேட்கிறார்கள். டிரைபியூட்டில் டின் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த வண்ணங்கள் நத்தை, சிப்பி இனங்களின் இனப்பெருக்கத்தையே கெடுத்ததால், 2001-இல் ஏற்கப்பட்டு 2008-இல் நடப்புக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை அவற்றைத் தடை செய்தது; 2023 முதல் சைபூட்ரின் என்ற பொருளுக்கும் தடை வந்திருக்கிறது. பத்து மாவுங்கிலும் தெலுக் பஹாங்கிலும் வலை வீசிப் பிழைக்கும் குடும்பங்கள் இந்தக் கடலைத்தான் நம்பியிருக்கின்றன. பெயர்ச்சீட்டு இல்லாத டின்னைச் சறுக்குத்தளத்துக்குக் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம் கடல்நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 30 டிகிரியை ஒட்டியே இருப்பதால் படகின் அடியில் ஒட்டி வளரும் ஓட்டு உயிரியான கொட்டலசுக்கு ஓய்வுக்காலமே கிடையாது. குளிர்நாட்டுச் சங்கங்களைப்போல் ஆறு மாதம் கவலையின்றி இருக்க நம்மால் இயலாது. ஓடாமல் கட்டிக் கிடக்கும் படகில்தான் அது விரைவாக ஒட்டும். ஆகவே அடிக்கடி ஓட்டுவதும் பராமரிப்பில் ஒரு பகுதியே.

படகுகளைக் கட்டிவைக்கும் கட்டுமிதவைகளின் சங்கிலியையும் இந்தப் பருவத்தில் பார்த்துவிட வேண்டும். மேலே தெரியும் பகுதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஏற்றத்தில் எழும்பி வற்றத்தில் தரையைத் தொடும் இடத்தில்தான் மணலும் சேறும் சேர்ந்து கண்ணிகளை அராவும். வற்றம் மிகுந்த நாளில் அந்தப் பகுதியைத் தூக்கி, கண்ணியின் தடிமனை அளந்து எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு எவ்வளவு தேய்ந்தது என்பது தெரியும்.

கடற்காற்று:

ஜெரெஜாக் பயணத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. பயணப் பாதையை இரண்டு வாரம் முன்னதாகவே அறிவித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஜார்ஜ்டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே நீரிணை மிகக் குறுகியது. அதே வழியில் சரக்குக் கப்பலும் பயணிகள் கப்பலும் ஃபெரியும் போகின்றன. கடல் மோதல் தவிர்ப்பு விதிகளின் 9-ஆம் விதிப்படி, குறுகிய வழித்தடத்தில் மட்டுமே பத்திரமாகச் செல்லக்கூடிய பெரிய கப்பலுக்கு 20 மீட்டருக்குக் குறைந்த படகும் பாய்மரப் படகும் தடையாக இருக்கக்கூடாது. பாய்மரத்துக்கு எப்போதும் முன்னுரிமை உண்டு என்று எண்ணிக்கொண்டு நடுவே போவது பெரும் ஆபத்து. கப்பலிலிருந்து ஐந்து குறு ஊதல்கள் கேட்டால், நம் நோக்கம் அவர்களுக்குப் புரியவில்லை என்று பொருள். உடனே விலக வேண்டும்.

ஜெரெஜாக்கைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது அதன் வரலாற்றையும் சொல்ல வேண்டும். தொழுநோயாளர்களை ஒதுக்கி வைத்த இடமாகவும், 1969 முதல் 1993 வரை சிறையாகவும் அது இருந்தது. அதற்கெல்லாம் மேலாக, நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி வந்த நம் முன்னோரில் பலர் தோட்டங்களுக்குப் போகுமுன் நோய்த்தடுப்புக் காவலில் அங்கேதான் தங்கவைக்கப்பட்டார்கள். தம் கொள்ளுப்பாட்டி முதலில் கால் வைத்த மலாயா மண் அதுவாகவே இருந்திருக்கலாம் என்று சொன்னால் பிள்ளைகள் அந்தத் தீவை வேறு கண்ணால் பார்ப்பார்கள். இது குடும்பப் பயணம் என்பதால் பெரியவர்கள் யாரேனும் படகிலேயே அமர்ந்து சொல்ல முன்வந்தால் மிக மகிழ்வேன்.

தஞ்சோங் பூங்கா அம்மா:

என் மாமியார் தம் தாயாரிடம் கேட்ட கப்பல் கதைகளைச் சொல்வார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. படகில் ஏற இயலுமா என்பதுதான் கவலை.

பாய்மரப் பயிற்றுநர்:

பொந்தூன் எனும் மிதக்கும் மேடையிலிருந்து ஏறினால் படி இறங்க வேண்டியதில்லை, அம்மா. ஏற்றம் இருக்கும் வேளையில் புறப்பட்டால் சாய்தளமும் மட்டமாக இருக்கும். அவருக்கு வசதியான நேரத்தையே புறப்பாட்டு நேரமாக வைத்துக்கொள்வோம்.

செயலர், பராமரிப்புக் குழு:

இதுவரை எழுந்த கருத்துகளின்படி, நவம்பரில் உயிர்காப்பு அங்கி, காற்றுப் பை, தீயணைப்புக் கருவி, அபாயச் சுடர்கள் ஆகியவற்றின் சோதனை நடைபெறும். காலாவதியான சுடர்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல் என்னிடம் ஒப்படைக்கவும். டிசம்பரில் பயிற்சியும் ஜெரெஜாக் பயணமும். அதன்பின் இரண்டு அணிக் கரையேற்றம், ஜெட்டிவாசி ஐயா சொன்ன நாட்களில். தெலுக் பஹாங் ஓட்டத்தை இரண்டாம் அணி இறங்கிய பிறகு வைக்கலாம். ஆனால் மாசி மகத்தன்று அந்தப் பக்கம் படகு செலுத்துவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அன்று மாலை சிங்கமுகக் காளியம்மன் கோயில் தெப்பத்தையொட்டி மக்கள் கடலில் விளக்குகளை மிதக்கவிடுவார்கள். நம் இயந்திரங்கள் எழுப்பும் அலை அவற்றைக் கவிழ்க்கும். படகில் வராமல் சாலை வழியாகவே போய்க் கும்பிடுவோம்.

முதல் அணியில் சேர விரும்புவோர் படகின் நீளத்தையும், அடி ஆழத்தையும், கடைசியாகப் பூசிய வண்ணத்தின் பெயரையும் இந்த வாரத்துக்குள் இங்கேயே எழுதவும். வண்ணத்தின் பெயர் தெரியாதவர்கள் பழைய பூச்சின் சிறு துண்டைப் பையில் போட்டுக் கிடங்குப் பொறுப்பாளரிடம் கொடுத்தால், புதியது அதன்மேல் பிடிக்குமா என்று ஒரு சிறு இடத்தில் பூசிப் பார்த்துச் சொல்வார்.

புதிய உறுப்பினர்:

என் படகு 7 மீட்டர் நீளம், அடி ஆழம் முக்கால் மீட்டர். வண்ணத்தின் பெயர் தெரியவில்லை. சனிக்கிழமை காலை துண்டைக் கொண்டுவருகிறேன். எஞ்சின் அறை அண்ணா அன்று வருவதாக இருந்தால், வால்வைச் சுரண்டிப் பார்க்கும் முறையை நேரில் காட்டித் தர வேண்டுகிறேன்.

எஞ்சின் அறை:

வருகிறேன் தம்பி. காலை எட்டு மணிக்கு வற்றம். அதற்கு முன் வந்துவிடுங்கள். கைவிளக்கு ஒன்றும் பழைய துணியும் கொண்டுவந்தால் போதும், கத்தி என்னிடம் இருக்கிறது.